மறு: கிரிப்டோவுக்குத் தமிழ்ச்சொல் – நாணயமா, சொத்தா?

அன்புள்ள குழுவினருக்கு,

‘கிரிப்டோகரன்சி’ என்பதற்குக் குழுவில் வந்த ‘மறைகுறி நாணயம்’ என்ற பரிந்துரையின் முன்பாதி எனக்குச் சம்மதம். பின்பாதியைத்தான் ஏற்க முடியவில்லை.

கும்பகோணத்தில் வருமான வரிப் படிவம் நிரப்பித் தருவது என் தொழில். திருவிடைமருதூர்ப் பக்கமிருந்து ஒரு பையன் அப்பாவோடு வந்தான். பிட்காயினைக் கொடுத்து ஈதர் என்ற இன்னொரு கிரிப்டோவை வாங்கியிருக்கிறான். ரூபாயாக ஒரு பைசா கைக்கு வரவில்லை. “காசைக் கொடுத்துக் காசு வாங்கினதுக்கு எதுக்கு சார் வரி?” என்றான். நான் அப்பாவைப் பார்த்து, “ஒரு மா நிலத்துக்கு இன்னொரு மா நிலம் மாத்திக்கிட்டாலும் பரிவர்த்தனைப் பத்திரம் போட்டு முத்திரைத்தீர்வை கட்டணும்லங்க?” என்றேன். அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. பையனைக் குழப்பியது ‘காசு’ என்ற பெயர்தான்.

சட்டமும் இதைக் காசாகப் பார்க்கவில்லை. 2022 நிதிச் சட்டத்தின் வரையறையே இந்திய நாணயம், வெளிநாட்டு நாணயம் இரண்டையும் வெளியே நிறுத்துகிறது. லாபத்தில் 30 சதவீத வரி. வாங்கிய விலை தவிர வேறு செலவு கழியாது. ஒன்றில் வந்த நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் வழியில்லை. இது தெரியாமல் வருபவர்கள்தான் அதிகம். 2022 ஜூலையிலிருந்து கைமாறும்போதே 1 சதவீத வரிப் பிடித்தமும் (டி.டி.எஸ்.) உண்டு.

அப்புறம், ரிசர்வ் வங்கி 2022 டிசம்பரில் பொதுமக்களிடம் சோதனைக்கு விட்ட மின்ரூபாய் இருக்கிறது. அது உண்மையிலேயே நாணயம். ‘எண்ணிம (டிஜிட்டல்) நாணயம்’ என்ற சொல்லை அதற்கே விட்டுவைக்க வேண்டும்.

எல் சால்வடார் 2021இல் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக்கியதே என்று கேட்பீர்கள். சரி, ஆனால் 2025இல் அவர்களே சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர் அதை வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் கிரிப்டோவுக்காக 2023இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையோ தலைப்பிலேயே சொத்து என்றுதான் சொல்கிறது.

ஆகவே பிட்காயின் வகைக்கு ‘மறைகுறிச் சொத்து’ என்று முன்மொழிகிறேன். நம் சட்டத்தின் வரையறை மறைகுறி வழியாகவோ வேறு வழியாகவோ உருவானவை என்று அகலமாகப் போகிறது, என்.எஃப்.டி.யும் (ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாத தனித்தன்மையுள்ள எண்ணிமப் பதிவு) அதில் அடக்கம். அந்த மொத்தத்துக்கு ‘எண்ணிமச் சொத்து’ போதும். சட்டம் ‘virtual digital asset’ என்கிறதே என்று ‘மெய்நிகர்’ என இன்னோர் அடைமொழியை முன்னால் தொங்கவிட வேண்டாம்.

‘டோக்கன்’ (இப்படிப்பட்ட சொத்தின் ஓர் அலகு) என்பதற்குத் தமிழ்ச்சொல் மட்டும் இடிக்கிறது. ‘வில்லை’ என்று எழுதிப் பார்த்தேன், ஓரளவு பொருந்துகிறது. அதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள்.