கூடை தூக்குகிறவருக்கு எதற்கு வாக்கிங்?

சும்மாடு:
போன ஞாயிறு வடசென்னையில் எங்கள் தெருமுனையில் சர்க்கரை பரிசோதனை முகாம். வந்திருந்த டாக்டர் (பெயர் வேண்டாம், நல்ல மனிதர்தான், மைக் கிடைத்தால் விடமாட்டார்) ஒரே போடாகப் போட்டார்: "வேலை வேறு, உடற்பயிற்சி வேறு. மீன் கூடை தூக்கினாலும் தினம் அரைமணி நேரம் தனியாக வாக்கிங் போகத்தான் வேண்டும், பல்கலைக்கழக ஆராய்ச்சி எல்லாம் அதைத்தான் சொல்கிறது." பக்கத்தில் என் மாமா நின்றிருந்தார். விடியற்காலை காசிமேட்டில் படகு கரை சேர்ந்ததும் ஐஸும் மீனுமாக நிறைந்த கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஏலம் போடும் இடத்துக்கும் வண்டிக்குமாக நடக்கிற ஆள். சும்மாட்டுத் துணி நனைந்து மீன்தண்ணீர் காதோரமாகக் கழுத்துக்கு இறங்கும், வீட்டுக்கு வந்தால் அத்தை வாசலிலேயே நிறுத்தி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விடுவார். அவரைப் பார்த்து வாக்கிங் போ என்றால் சிரிப்பதா அழுவதா?

சரி, ஆராய்ச்சி என்றாரே என்று தேடிப் படித்தேன். நம்ம சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய ட்ரயல் (ஆட்களைப் பிரிவு பிரித்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு), 2006-ல் வெளியானது. சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேர், நான்கு பிரிவு. அதில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குத்தான் அரைமணி நேர வேக நடை. ஏற்கெனவே உடலுழைப்பு வேலையில் இருப்பவர்களிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? இப்போது செய்வதையே தொடருங்கள் என்றார்கள். தொடருங்கள்! அந்த டாக்டரைத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரிடம் இதைக் காட்டுங்கள்.

ராபின்சன் ரவுண்டு:
ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது உங்களுக்குப் புதிதில்லை. அதே ட்ரயலின் முடிவையும் எழுதியிருக்கலாமே. வாழ்க்கை முறையை மாற்றியவர்களுக்குச் சர்க்கரை வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 26.4, இரண்டையும் சேர்த்தால் 28.2. அதாவது மாத்திரைக்குச் சமமாக நடையே வேலை செய்திருக்கிறது. நான் ராபின்சன் பூங்காவில் வருஷக்கணக்காக நடக்கிறேன், எனக்கு யாரும் ட்ரயல் காட்ட வேண்டியதில்லை.

சும்மாடு:
நடையே இல்லை ஐயா, நடையும் சாப்பாடும். சர்க்கரை, எண்ணெய், மாவுச்சத்தைக் குறை, நார்ச்சத்தைக் கூட்டு என்று சொல்லித்தான் அந்த 28.5. நீங்கள் பூங்காவை விட்டு வெளியே வந்ததும் எங்கே போய் உட்காருவீர்கள் என்று ராயபுரத்துக்கே தெரியும். அதை விடுங்கள். என் கேள்வி ஒன்றே ஒன்று. தொடருங்கள் என்றார்களா இல்லையா?

எக்செல் ஷீட்:
தொடருங்கள் என்றார்கள் என்பதும், தொடர்ந்ததால் பலன் கிடைத்தது என்பதும் ஒன்றல்ல. அந்த ட்ரயலுக்கு ஆள் எடுத்தது சேவைத் துறை நிறுவனங்களில் வேலை பார்த்த நடுத்தரச் சம்பளக்காரர்களிடம். உங்கள் மாமா மாதிரி ஆட்களை வைத்து வந்த எண் இல்லை அது. கூடை தூக்குகிறவர்களுக்கு என்ன ஆகும் என்று சொல்ல அந்த 531 பேரைக் கொண்டுவராதீர்கள்.

சும்மாடு:
வந்துவிட்டார். தென்சென்னைப் பக்கம் ஓஎம்ஆரில் ஃபிளாட் வாங்கிப் போனவர் இங்கே வந்து கணக்குச் சொல்கிறார். கூடை தூக்குகிறவர் அதில் இல்லை என்றால், அதே ட்ரயலை வைத்துக் கூடை தூக்குகிறவரும் வாக்கிங் போக வேண்டும் என்று டாக்டர் மட்டும் எப்படிச் சொல்லலாம்? உங்கள் கத்தி இரண்டு பக்கமும் வெட்டுகிறது, பார்த்துப் பிடியுங்கள். தொடருங்கள் என்றார்கள். அவ்வளவுதான்.

எக்செல் ஷீட்:
நான் பிறந்தது கொருக்குப்பேட்டை. ரயில்வே கேட் மூடினால் அரைமணி நேரம் நின்று வளர்ந்தவன். ஃபிளாட்டை இழுக்காமல் பேச வராதா?

வியாசை பெனால்டி:
கேட்டில் நின்ற அரைமணி நேரத்தையும் அந்த அரைமணி நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா பாஸ்? 😂

ஓல்டு ஜெயில் ரோடு:
கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வேலையிலேயே உடம்பு அசைந்தால் போதும் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் பழையது. ஜெர்ரி மாரிஸ் என்பவர் லண்டன் பஸ் ஊழியர்களைப் பார்த்து 1953-ல் எழுதினார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவு. ஆனால் அது ட்ரயல் இல்லை, யாரையும் பிரித்து வைத்துப் பார்க்கவில்லை. பிறகு அவரே 1956-ல் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தால், டிரைவர்களின் இடுப்பளவு எல்லா வயதிலும் பெரிதாக இருந்தது. அப்படியானால் சேரும்போதே ஆள் வேறு மாதிரியா என்ற கேள்வி வருகிறது. இன்னொரு பக்கம் கோபன்ஹேகனில் 1,04,046 பேரைப் பின்தொடர்ந்து 2021-ல் வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்பவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைவு, வேலையில் கடும் உழைப்பு உள்ளவர்களுக்கு அதிகம். வருமானம், படிப்பு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். மணிக்கணக்கில் பாரம் தூக்கி, இடையில் ஓய்வில்லாமல் இருந்தால் ரத்த அழுத்தம் இறங்க வழியே இல்லை என்பது அவர்கள் கொடுக்கும் விளக்கங்களில் ஒன்று. டாக்டர் சொன்னது அடியோடு தப்பில்லை.

சும்மாடு:
கண்டக்டர் கதை ட்ரயல் இல்லை என்கிறீர்கள். கோபன்ஹேகன் மட்டும் ட்ரயலா? அங்கே யாரைப் பிரித்தார்கள்? உங்களுக்குப் பிடித்தது ஆராய்ச்சி, எங்களுக்குப் பிடித்தது கதை. மாரிஸ் கண்டக்டரைப் பற்றி எழுதினால் இடுப்பளவு பார்க்கிறீர்கள், டென்மார்க்காரன் கூலிக்காரனைப் பற்றி எழுதினால் அப்படியே நம்புகிறீர்கள். டென்மார்க்கில் ஒருவருக்கு வேலையில் கடும் உழைப்பு என்றால் அது என்னவென்று எனக்குத் தெரியாது, எங்கள் துறைமுகத்தில் அது என்னவென்று உங்களுக்குத் தெரியாது. ட்ரயல் என்று ஒன்று இருந்தால் அது நம்ம ஊர் ட்ரயல், அதில் தொடருங்கள் என்றுதான் இருக்கிறது. திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறீர்கள். அப்புறம் ஒரு விஷயம், ஓய்வில்லை என்பது உழைப்பின் குற்றமா, ஓய்வு கொடுக்காதவன் குற்றமா? அதற்கு மருந்து வாக்கிங்கா?

ஓல்டு ஜெயில் ரோடு:
கோபன்ஹேகன் ட்ரயல் என்று நான் எழுதவே இல்லை. மேலே போய்ப் படியுங்கள்.

ராபின்சன் ரவுண்டு:
படிக்கமாட்டார். கேரம் போட்டி நடத்தியபோதும் விதியைப் படிக்காமல்தான் சண்டை போட்டார்.

சும்மாடு:
கேரமை ஏன் இழுக்கிறீர்கள்? சிவப்பைப் போட்டுவிட்டு அடுத்த காயைப் போடாமல் பாயின்ட் கேட்டது யார்? நானா?

மணலி காற்று:
நீங்கள் எல்லாரும் எங்கே நடப்பது என்று பேசவே இல்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆட்கள் 60 வயதுக்கு மேற்பட்ட 119 பேரை இரண்டு மணி நேரம் ஹைட் பூங்காவில் நடக்க வைத்தார்கள், இன்னொரு நாள் அதே ஆட்களை டீசல் பஸ் ஓடும் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில். பூங்காவில் நடந்தால் நுரையீரலுக்கும் ரத்தக் குழாய்க்கும் கிடைத்த நன்மை தெருவில் கரைந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு தெருவுக்கே அப்படி என்றால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பக்கத்தில் கையை வீசி நடக்கிறவர்கள் எதற்கு நடக்கிறார்கள்? காலையில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைத் துணியால் துடைத்தால் துணி கறுப்பாகிறது. அதைத்தான் வேகமாக மூச்சிழுத்து உள்ளே அனுப்பச் சொல்கிறார் அந்த டாக்டர்.

ராபின்சன் ரவுண்டு:
அதற்குத்தான் பூங்கா இருக்கிறது.

மணலி காற்று:
மணலியிலிருந்து தினம் ராயபுரம் வந்து நடக்க பஸ் டிக்கெட் நீங்கள் எடுப்பீர்களா?

எக்செல் ஷீட்:
அந்த ஆய்வில் ஆளுக்கு ஒரு இடத்தில் ஒரே ஒரு நடை. அதை வைத்து வருஷக்கணக்கான பலனை அளக்க முடியாது.

மணலி காற்று:
நுரையீரல் வருஷக்கணக்காக எங்களுடையது. அளந்து பார்க்க வருகிறீர்களா, அல்லது ஓஎம்ஆரிலிருந்தே அளப்பீர்களா?

வியாசை பெனால்டி:
இப்போதைக்கு எக்செல் ஷீட் 0, வடசென்னை 2. நான் சொல்வது ஒன்றுதான், வியாசர்பாடியில் சாயங்காலம் பந்து ஆடுகிற பையன்களைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், ஒருவனுக்கும் தொப்பை இல்லை. நடைக்கெல்லாம் ட்ரயல் நடத்துகிறார்கள், ஃபுட்பாலுக்கு நடத்தட்டும்.

ஓல்டு ஜெயில் ரோடு:
தீவிரமாகச் செய்தால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். நார்வேயில் ட்ரொன்ஹைம் நகரப் பல்கலைக்கழகம் 70 முதல் 77 வயது வரை உள்ள 1,567 பேரை ஐந்து வருஷம் பார்த்து 2020-ல் வெளியிட்டது. வேகமாக மூச்சிரைக்கச் செய்த பிரிவில் 3 சதவீதம் இறந்தார்கள், மிதமாகச் செய்த பிரிவில் 5.9, சும்மா விட்ட பிரிவில் 4.7. உடற்பயிற்சிப் பிரிவு இரண்டையும் சேர்த்து ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை.

சும்மாடு:
ஆஹா. மிதமாக நடந்தவர்கள் சும்மா இருந்தவர்களைவிட அதிகம் செத்திருக்கிறார்கள். ராபின்சன் ரவுண்டு எங்கே? ஐயாவைக் கூப்பிடுங்கள்.

ஓல்டு ஜெயில் ரோடு:
சும்மா விட்ட பிரிவு என்றால் படுத்துக் கிடந்தவர்கள் இல்லை. அந்த நாட்டு அறிவுரைப்படி தினம் அரைமணி நேரம் உடம்பை அசைக்கச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள். பலர் செய்தும் வந்தார்கள். அதனால்தான் வித்தியாசம் தெரியவில்லை என்று...

சும்மாடு:
பார்த்தீர்களா, அங்கேயும் தொடருங்கள்தான்! நார்வேயில் தொடர்ந்தால் அறிவுரை, காசிமேட்டில் தொடர்ந்தால் அறியாமை.

ராபின்சன் ரவுண்டு:
கூப்பிட்டீர்களே, வந்தேன். போன மாதம் எனக்குச் சர்க்கரை பார்த்தார்கள், சாப்பிடுவதற்கு முன் நார்மல். உங்கள் மாமாவுக்கு அந்த முகாமில் எவ்வளவு வந்தது? அதை மட்டும் இவ்வளவு நேரம் எழுதாமல் இருக்கிறீர்களே.

சும்மாடு:
அது எங்கள் குடும்ப விஷயம். நீங்கள் பூங்கா முடித்து பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடுவது ஊர் விஷயம்.

ராபின்சன் ரவுண்டு:
அத்தோ இல்லை, வாழைத்தண்டு சூப். அதில் நார்ச்சத்து இருக்கிறது.

வியாசை பெனால்டி:
சூப்பில் மிதக்கும் எண்ணெயில் பொரித்த பேஜோவில் என்ன சத்து தலைவா?

எக்செல் ஷீட்:
கேட்டதற்குப் பதில் வரவில்லை. மாமாவுக்கு எவ்வளவு?

சும்மாடு:
நான் கேட்டதற்கு முதலில் பதில் வரட்டும். தொடருங்கள் என்றார்களா, இல்லையா? ஆம் அல்லது இல்லை. அடுத்த ஞாயிறும் முகாம் இருக்கிறதாம், பிரின்ட் எடுத்துக்கொண்டு நானே போகிறேன். யாருக்காவது தைரியம் இருந்தால் வாருங்கள். ஓஎம்ஆர்காரர் மெட்ரோ பிடித்தும் வரலாம், இப்போது தண்டையார்பேட்டை வரைக்கும் அதற்கு மேலும் ஓடுகிறது, போனவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

எக்செல் ஷீட்:
2021-லிருந்து விம்கோ நகர் வரை ஓடுகிறது. எனக்குத் தெரியும். மாமாவுக்கு எவ்வளவு?