ஃபேன் கரகரன்னு அரைக்குது: எண்ணெய் விடலாமா, பேரிங் மாத்தணுமா?

பள்ளத்தூர்வாசி:
மாசக்கணக்குல பூட்டிக் கிடந்த வீடு. ரெண்டாங்கட்டு 48 இஞ்ச் ஃபேன் போட்டதுமே கரகரங்குது. மச்சு உயரம்ங்கிறதால ராடும் நீளம். தேங்கா எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டாப் போதும்னு ஆச்சி சொல்றாங்க. எங்கே விடணும்? வீட்டிலேயே முடிக்கிற வேலையா?

காயில்கட்டு:
எண்ணெய் இருக்கட்டும், முதல்ல சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாருங்க. முழு வேகத்துல ஓடவிட்டு சுவிட்சை அணைங்க. அணைச்ச உடனே சத்தம் நின்னா கரண்ட் பக்கத்துக் கோளாறு. இறக்கை சுத்தி நிக்கிற வரைக்கும் கரகரப்பு கூடவே வந்தா பேரிங்தான், அதாவது சுத்துற பாகத்தைத் தாங்குற, உள்ளே குண்டு உருளுற வளையம். சுத்துக்கு ஒரு தடவை 'டக்'னு மட்டும் கேட்டா இறக்கை ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், இல்லேன்னா ராடோட கீழ்க் கப்பு இறங்கி மோட்டார்ல உரசும்.

தேங்கா எண்ணெய் வேண்டவே வேண்டாம். இப்போ வர்ற ஃபேன்ல பேரிங் ரெண்டு பக்கமும் மூடியிருக்கு. ராடு வழியா விட்ட எண்ணெய் உள்ளே போகாது. காயில்ல (மோட்டாருக்குள்ளே இருக்கிற கம்பிச் சுத்து) இறங்கித் தூசியைப் பிடிச்சு வைக்கும், நாளானா பிசினா இறுகும். துருவுக்கு அடிக்கிற ஸ்ப்ரேயும் உதவாது. இருக்கிற கிரீஸைக் கரைச்சு விட்டுடும். மேல் மூடியில எண்ணெய்த் துளை இருக்கிற பழைய இரும்பு ஃபேனுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு விட்டுக் கையால சுத்தி விடலாம்.

பள்ளத்தூர்வாசி:
அணைச்ச பிறகும் நிக்கிற வரைக்கும் அரைக்குதுண்ணே. துளை எதுவும் இல்லை.

காயில்கட்டு:
அப்போ பேரிங். மெயினை இறக்கிட்டுத்தான் ஏணியில ஏறணும். பழைய வயரிங்ல சுவிட்ச் நியூட்ரல்ல இருந்தா, அணைச்சாலும் ஃபேன்ல கரண்ட் நிக்கும். கீழே ரெண்டு சாக்கை விரிங்க, ஆத்தங்குடிக் கல்லுல மோட்டார் விழுந்தா கல்லு போச்சு. இறக்கைகளுக்கு 1, 2, 3னு குறி போட்டுக் கழட்டுங்க. கண்டென்சர் வயர் நிறத்தை ஃபோன்ல படம் எடுத்துக்குங்க. ஒருத்தர் மோட்டாரைத் தாங்கணும், இன்னொருத்தர் ராடுல இருக்கிற ரெண்டு கால் பின்னையும் போல்டையும் உருவணும்.

மூடியிலும் உடம்பிலும் சேர்த்து ஆணியால ஒரு கோடு கீறிட்டு ஸ்க்ரூ கழட்டுங்க. மூடி வரலேன்னா விளிம்புல மரக்கட்டையால தட்டுங்க. ஸ்க்ரூடிரைவரை நுழைச்சு நெம்பினா காயில் கம்பியோட எனாமல் உரியும். அப்புறம் பேரிங் செலவோட காயில் கட்டுற கூலியும் சேரும். பேரிங் வீட்டுக்குள்ளே (மூடியில பேரிங் உக்கார்ற குழி) நெளிஞ்ச வாஷர் ஒண்ணு இருந்தா பத்திரம். அதைத் தொலைச்சிட்டா தண்டு மேலும் கீழும் ஆடித் தட்டும்.

நம்பர் பேரிங் பக்கவாட்டிலேயே இருக்கும். பெரும்பாலும் 6202ம் 6201ம் வரும். 6202ன்னா உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, தடிமன் 11 மி.மீ. நம்பருக்குப் பின்னாடி இசட்இசட்னு இருந்தா தகரமூடி. அதைப் பிரிச்சா நெளியும், புதுசு வாங்குறதே மேல். ரப்பர் மூடின்னா ஊசியால நெம்பி எடுத்து, மண்ணெண்ணெய்ல கழுவி, நல்லாக் காயவச்சு லித்தியம் கிரீஸ் வைக்கலாம். இடைவெளியில மூணுல ஒரு பங்குதான். அடைச்சு வச்சா சுத்து கனக்கும், பேரிங் சுடும், கிரீஸ் வெளியே தெறிக்கும். கழுவின பிறகும் விரல்ல சுத்தினா சொரசொரங்குதா? தூக்கிப் போட்டுட்டு ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க.

தேவகோட்டை மின்வேலை:
புதுசைத் தண்டுல ஏத்தும்போது உள்வளையத்துல மட்டும் பைப் வச்சுத் தட்டணும். வெளிவளையத்துல அடி விழுந்தா குண்டு ஓடுற தடத்துல பள்ளம் விழும், புது பேரிங்கும் முதல் நாளே கத்தும். மூடியில பேரிங் வீடு தேய்ஞ்சு லொடலொடன்னா பஞ்ச் அடிச்சு (உள்பக்கம் புள்ளி புள்ளியாக் குத்தி) இறுக்கித் தருவாங்க; அது தற்காலிகம்தான், மூடியையே மாத்துறது நல்லது.

நீள ராடுக்கு இன்னொண்ணு. மேலே கொக்கியில மாட்டுற ரப்பர் உருளை காஞ்சு வெடிச்சிருந்தா, பேரிங் புதுசானாலும் மரத்து வழியா உறுமல் இறங்கும். வேலையோட வேலையா அதையும் மாத்துங்க. பழைய பின்னை நிமித்தித் திரும்பப் போடாதீங்க, புதுசு போட்டு ரெண்டு காலையும் நல்லா விரிச்சு விடுங்க.

பள்ளத்தூர்வாசி:
சரிண்ணே. பக்கத்து அறை ஃபேன் வேகம் குறைச்சா மட்டும் 'ம்ம்'னு முனகுது. அதுவும் பேரிங்கா?

தேவகோட்டை மின்வேலை:
இல்லை, அது ரெகுலேட்டர். திருகு மாதிரி படியில்லாம சுத்துற எலக்ட்ரானிக் வகை கரண்ட் அலையை வெட்டி அனுப்பும், அதுல காயில் முனகும். படிப்படியா திரும்புற கண்டென்சர் ரெகுலேட்டர் போடுங்க. அந்த ஃபேனைக் கழட்ட வேண்டாம்.