லீன் 4: தானியங்கி வகையிடல் நிரூபணம் 'இஃப்' கேஸில் நிற்கிறது

கேள்வி

வணக்கம். தானியங்கி வகையிடல், அதாவது புரோகிராமே மதிப்போடு சரிவையும் கணக்கிடுவது, சரி என்று நிரூபிக்கப் பார்க்கிறேன். லீன் 4 (நிரூபணங்களைச் சரிபார்க்கும் மொழி), அதன் கணித நூலகமான மேத்லிப்போடு. என் மொழியில் இருப்பது மாறிலி, எக்ஸ், கூட்டல், பெருக்கல், லாக், 'ப > 0 என்றால் இது, இல்லையென்றால் அது' (ப-வும் ஒரு கோவை) மட்டும். ஒரு ஃபங்ஷன் கோவையை மெய்யெண்ணில் மதிப்பிடும். இன்னொன்று (மதிப்பு, சரிவு) என்ற இரட்டை எண்ணில். தேற்றம்: எந்தக் கோவைக்கும், எந்த எக்ஸுக்கும், சரிவு = 'டெரிவ்' (மேத்லிப்பின் வகைக்கெழு). கோவையின் சிறு பகுதிகளிலிருந்து முழுதுக்குப் போகும் இண்டக்‌ஷனில் கூட்டலுக்கே 'டெரிவ்_ஆட்' லெம்மா (ஏற்கெனவே நிரூபித்த துணைத் தேற்றம்) இரண்டு பக்கமும் வகையிடத்தக்கவையா என்று கேட்கிறது. 'இஃப்'பில் ப = 0 ஆகும் கோல் (நிரூபிக்க வேண்டிய மீதி) மூடவே மாட்டேன் என்கிறது. எந்த டாக்டிக் (நிரூபணக் கட்டளை) போடலாம்?

பதில் 1

டாக்டிக் எதுவும் உதவாது, தேற்றமே பொய். ரெலு(எக்ஸ்) − ரெலு(−எக்ஸ்) எழுதிப் பாருங்கள் (ரெலு(எக்ஸ்) என்பது 'எக்ஸ் > 0 என்றால் எக்ஸ், இல்லையென்றால் 0'). அதன் மதிப்பு எங்கும் எக்ஸ்தான், ஆகவே 0இல் வகைக்கெழு 1. உங்கள் இரட்டை எண் இரண்டு முறையும் 'இல்லையென்றால்' கிளைக்குள் போய்ச் சரிவை 0 என்று தரும்.

தனி ரெலுவை வைத்துச் சோதித்தால் இது பிடிபடாது. வகையிட முடியாத புள்ளியில் மேத்லிப்பின் 'டெரிவ்' 0 தருகிறது, உங்கள் புரோகிராமும் 0 தருகிறது; தற்செயலாகப் பொருந்திவிடும். அதனால் 'டெரிவ்' சமன்பாட்டை விட்டுவிட்டு 'ஹாஸ்டெரிவ்அட்' (அந்தப் புள்ளியில் வகையிடலாம், வகைக்கெழு இதுதான் என்ற கூற்று) என்று தேற்றத்தை எழுதுங்கள். கூட்டல், பெருக்கல் இரண்டும் அந்தந்த லெம்மாவால் ஒரே வரியில் முடிந்துவிடும்.

கூடவே 'பத்திரம் கோவை எக்ஸ்' (இந்த எக்ஸில் இந்தக் கோவையை நம்பி வகையிடலாம்) என்று ஒரு நிபந்தனை வேண்டும். 'இஃப்'புக்கு அது ப ≠ 0. ப அந்தப் புள்ளியில் தொடர்ச்சியானது என்பது இண்டக்‌ஷன் கருதுகோளிலிருந்தே வரும். எனவே அக்கம்பக்கத்திலும் அதே குறி, அதே கிளை. 'காங்க்ரு_ஆஃப்_ஈவெஞ்சுவலிஈக்யூ' (அக்கம்பக்கத்தில் ஒன்றான ஃபங்ஷன்களுக்கு வகைக்கெழுவும் ஒன்று என்ற லெம்மா) போட்டால் கோல் மூடும்.

கேட்டவர்

கூட்டல், பெருக்கல் முடிந்தன, நன்றி. ஆனால் 'எக்ஸ் > 0 என்றால் லாக் எக்ஸ், இல்லையென்றால் 0' என்ற கோவைக்கு எக்ஸ் = −1இல் 'பத்திரம்' கிடைக்கவில்லை.

பதில் 2

இரண்டு கிளைக்கும் பத்திரம் கேட்டிருப்பீர்கள். ப-வுக்கும் தேர்வான கிளைக்கும் மட்டும் கேளுங்கள். ஓடாத கிளையை நிரூபணம் தொடுவதே இல்லை.

லாக்குக்கு லெம்மா கேட்பது, உள்ளே இருப்பது ≠ 0 என்று மட்டும்தான். நீங்கள் 0 < என்றே வையுங்கள். மேத்லிப்பில் லாக்(−2) என்பது லாக் 2. ஃப்ளோட்டில் (கணினியின் தோராயத் தசம எண்ணில்) ஓடும் புரோகிராமோ அங்கே NaN ('எண் அல்ல') தரும். அந்த நிபந்தனை இல்லாவிட்டால் நிரூபணம் பிழையில்லை என்று பச்சையாக நிற்கும், புரோகிராம் உடைந்திருக்கும். ரவுண்டிங் பிழையை இந்தத் தேற்றம் தொடவில்லை, அதற்குத் தனி நிரூபணம் வேண்டும்.