பதினெட்டரை அடி பைபர் படகுக்கு இரண்டாவது எஞ்சின்: புது 6 குதிரையா, பழைய 8 குதிரையா, ஒன்றுமே வேண்டாமா?

அளம்பில்கரை:
எல்லோருக்கும் வணக்கம். முல்லைத்தீவுப் பக்கம், அளம்பில் கரையில் தொழில். என் படகு பதினெட்டரை அடி பைபர். பின்னால் 25 குதிரைவலு, மண்ணெண்ணெயில் ஒயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக். போன ஆடியில் விடியப்புறம் போய் வலை எடுத்துக்கொண்டு திரும்பும்போது எஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது. கச்சான், தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் மேற்குக் காற்று, நல்ல வேகம். நானும் மச்சானும் துடுப்புப் போட்டுப் பார்த்தோம்; பனை வடலி தெரிந்தது, பிறகு கோடாகத் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. போன் சிக்னலும் இல்லை. பொழுதுபடும் நேரத்தில் செம்மலைப் படகு ஒன்று கண்டு கயிறு போட்டு இழுத்து வந்தது.

மனைவி சொல்லிவிட்டாள், இரண்டாவது எஞ்சின் வாங்கு, இல்லாவிட்டால் கடலுக்குப் போகாதே என்று. என் முன்னால் இரண்டு வழி. ஒன்று, ஒயில் கலக்காத பெற்றோலில் ஓடும் புது ஃபோர் ஸ்ட்ரோக் 6 குதிரை. மற்றது, தெரிந்தவர் ஒருவரிடம் இருக்கிற பழைய 8 குதிரை டூ ஸ்ட்ரோக், அதுவும் மண்ணெண்ணெய் எஞ்சின், காசு பாதிக்கும் குறைவு. எதை எடுக்கலாம்?

பழையதண்டல்:
இரண்டையும் எடுக்காதே தம்பி.

நீ சொன்னதையே திருப்பி வாசி. எஞ்சின் பழுதாகவில்லை, எண்ணெய் பழுது. அந்தக் காசில் தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்று பூட்டு, இரண்டு பிளக், தண்ணீர்ப் பம்புக்கு ஒரு இம்பெல்லர், ஸ்பனர் பை ஒன்று வாங்கிப் படகிலேயே வை. எண்ணெய்க் கான் அடியில் கிடக்கும் கடைசி இரண்டு லீற்றரைக் கடலுக்குக் கொண்டுபோகாதே. இரண்டாவது எஞ்சின் என்பது என்ன? வருடம் முழுக்கச் சுமந்து திரிந்து, தேவைப்படும் நாளில் கயிற்றை இழுத்தால் பேசாமல் இருக்கும் சாமான். நான் நாலு பேரிடம் பார்த்துவிட்டேன். நாலும் உப்புப் பிடித்து, காபரேட்டர் பிசின் பிடித்துக் கிடந்தன. படகில் ஒரு படங்கும் இரண்டு மூங்கிலும் இருந்தால் போதும், பாய் கட்டி வரலாம்.

ஸ்பனர்பை:
நான் எஞ்சின் திருத்துகிற ஆள். ஐயா சொல்வதில் பாதி சரி. பாவிக்காத எஞ்சின் வேலை செய்யாது என்பது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அதற்கு மருந்து, வாங்காமல் விடுவதில்லை, ஒவ்வொரு கிழமையும் பத்து நிமிடம் ஓட்டுவது.

வாங்குவதென்றால் ஃபோர் ஸ்ட்ரோக் 6. ஏன் 4 இல்லை என்று கேட்பீர்கள். யமஹாவின் 4, 5, 6 மூன்றுக்கும் 139 சிசி ஒற்றைச் சிலிண்டர்தான். தொஹற்சு கம்பனியிலும் அப்படியே, மூன்றும் 123 சிசி. பாரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 26, 27 கிலோ. சுமக்கிற பாரம் ஒன்றென்றால் பெரியதைச் சுமக்கலாம். இரண்டரைக் குதிரை பத்துக் கிலோ குறைவு, கையில் தூக்கிப் போகலாம். ஆனால் கச்சானுக்கு எதிரே பதினெட்டரை அடிப் படகை அது தள்ளும் என்று நான் எழுதித்தர மாட்டேன்.

8 எடுத்தால் கெதியாக வரலாம் என்ற கணக்கும் பிழை. பதினெட்டரை அடிப் படகு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் வேகம் மணிக்கு ஐந்து, ஐந்தரைக் கடல் மைலோடு முட்டிவிடும். அதற்கு மேலே போக வேண்டுமானால் படகு அணியம், அதாவது முன்பக்கம், தூக்கித் தண்ணீரின் மேல் ஏறி ஓட வேண்டும். வலையும் மீனும் இரண்டு ஆளும் இருக்க, 8 குதிரை அதை ஏற்றாது. மிச்சக் குதிரை எல்லாம் பின்னால் அலை எழுப்பத்தான்.

கணக்குச்சம்மாட்டி:
ஸ்பனர்பை அண்ணை, உங்கள் கணக்கு கடதாசியில் வடிவாக இருக்கிறது. கரையில் வேறு கணக்கு.

டூ ஸ்ட்ரோக் 8 இரண்டு சிலிண்டர், பாரம் உங்கள் 6 அளவுதான். கரையில் எந்த மீன்வாடியிலும் அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பெடியன் ஒருவன் இருப்பான். பிளக், ரிங், காஸ்கற் எல்லாம் கிட்டவே கிடைக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் வால்வு, தனி எஞ்சின் ஒயில். பிழையான பக்கம் படுக்க வைத்தால் ஒயில் சிலிண்டருக்குள் இறங்கும். வாடியில் யார் அதைப் பார்த்துப் பார்த்துப் படுக்க வைக்கப் போகிறார்கள்? பாகம் வேண்டுமென்றால் யாழ்ப்பாணம், இல்லை கொழும்பு. அந்த இரண்டு கிழமையும் நான் என்ன செய்வது?

இன்னொன்று, இருக்கிற மண்ணெண்ணெயையே இரண்டுக்கும் போடலாம். 2022 ஆவணியில் 87 ரூபாய் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ஆனதை மறந்துவிட்டீர்களா? அதற்கு முந்தின மாதங்களில் எண்ணெயே இல்லாமல் படகைக் கவிழ்த்துவிட்டு இருந்தோம். அந்த நேரத்தில் ஒரே எண்ணெயில் ஓடுகிற இரண்டு எஞ்சின் இருப்பவன்தான் பிழைப்பான்.

ஸ்பனர்பை:
ஒரே எண்ணெய் என்பதுதான் இதில் உள்ள விசர்க்கதை. கோபிக்க வேண்டாம்.

அளம்பில் தம்பியின் எஞ்சினை நிறுத்தியது எது? தண்ணீர் கலந்த மண்ணெண்ணெய். அதே கானில் இருந்து இரண்டாவதற்கும் குழாய் போட்டால் அதே தண்ணீர்தான் அங்கேயும் போகும். இரண்டு எஞ்சின், ஒரு சாவு. உதவி எஞ்சினுக்கு எண்ணெய் தனி, கான் தனி, குழாய் தனியாக இருக்க வேண்டும். இந்தச் சின்ன ஃபோர் ஸ்ட்ரோக்குகளில் மேலேயே ஒரு லீற்றர் சொச்சம் பிடிக்கும் தாங்கி இருக்கிறது; பெரிய எஞ்சினோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை.

அதோடு, மண்ணெண்ணெய் எஞ்சின் குளிரில் மண்ணெண்ணெயில் எழும்பாது என்பது உங்களுக்கே தெரியும். பெற்றோலில் எழுப்பி, சூடேறிய பிறகுதான் மாற்ற வேண்டும். நிறுத்த முன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை காபரேட்டர் முழுக்க மண்ணெண்ணெய். மெதுவாக ஓட்டினால் அது சரியாக எரியாது, பிளக் கரி பிடிக்கும். உதவி எஞ்சினை நாம் எப்போது ஓட்டுவோம்? குளிரில், அவசரத்தில், வலையடியில் மெதுவாக. மூன்றும் அதற்கு ஒத்துவராத இடம்.

பழையதண்டல்:
இப்போது பாருங்கள் வேடிக்கையை. பெரிய எஞ்சினுக்கு மண்ணெண்ணெய்க் கான் ஒன்று, அதை எழுப்ப ஒயில் கலந்த பெற்றோல் ஒன்று, சின்னதுக்கு ஒயில் கலக்காத பெற்றோல் ஒன்று. இரவு மூன்று மணிக்கு, அலையில், டோர்ச் நனைந்து கிடக்கும்போது எந்தக் கானை எதில் ஊற்றுவான் என்று யாராவது சொல்லுங்கள். ஒயில் இல்லாத பெற்றோலை டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றினால் பிஸ்டன் இறுகி அதோடு சரி. உதவிக்கு வாங்கியது இருந்ததையும் கொன்றுவிடும்.

ஸ்பனர்பை:
நல்ல கேள்வி ஐயா. பிழை இரண்டு பக்கமும் நடக்கலாம், ஆனால் தண்டனை ஒன்றில்லை. ஒயில் கலந்ததை ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஊற்றினால் புகைக்கும், பிளக் அழுக்காகும், கரைக்கு வந்து சேருவீர்கள். கலக்காததை டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றினால்தான் சாவு. ஆகவே கலக்காத கானின் மூடியில் மட்டும் கயிற்றால் தடிப்பாக ஒரு முடிச்சுப் போடுங்கள். இருட்டில் கை அறியும். நிறம் பூசுவது பகலுக்குத்தான்.

நாச்சிக்குடாப்பெடியன்:
இவ்வளவு பெரிய கதையா? நாங்கள் எஞ்சின் நின்றால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பீடி பற்றவைப்போம். அடுத்த படகு வரும்.

அளம்பில்கரை:
தம்பி, உங்கள் பக்கம் மேற்குக் கரை, பாக்கு நீரிணை. எங்கே போட்டாலும் நிலம் பிடிக்கும். எங்கள் கிழக்குப் பக்கம் வெளியே போகப் போக ஆழம் இறங்கிக்கொண்டே போகும், கையிலிருக்கிற கயிறு எட்டாது. அன்று போட்டுப் பார்த்தேன். நங்கூரம் சும்மா தொங்கியது.

நாச்சிக்குடாப்பெடியன்:
ஓம், அது சரி. நான் அதை யோசிக்கவில்லை. காற்றும் உங்களுக்குத் தலைகீழ்தானே. எங்களுக்குச் சோழகத்தில், தென்மேற்குக் காற்றில், எஞ்சின் நின்றால் பயமில்லை, காற்றே கரைக்குக் கொண்டுவந்து விடும். வாடையில்தான், வடகிழக்குக் காற்றில்தான், பயம். வாடை எங்களை அந்தப் பக்கம் தள்ளும். இந்தியாவோடு 1974இல் கிழித்த கடல் எல்லைக் கோடு தண்ணீரில் தெரியாது. தாண்டிப் போய் நின்றுகொண்டு எஞ்சின் பழுது என்று சொன்னால் யார் நம்புவது? அந்த மாதங்களில் எங்களிலும் சிலர் சின்ன எஞ்சின் கட்டிக்கொண்டு போகிறார்கள். பலர் இரண்டு படகாகச் சேர்ந்து போவதோடு சரி.

கணக்குச்சம்மாட்டி:
சேர்ந்து போவது காசில்லாத உதவி எஞ்சின். அதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழையதண்டல்:
சரி, பாய்க் கதையில் கொஞ்சம் இறங்கி வருகிறேன். நான் பாய் கட்டி ஓடியது வள்ளத்தில். வள்ளத்துக்குத் தண்ணீருக்குள் பிடிப்பு உண்டு. இந்தப் பைபர் தட்டையானது, படங்கு கட்டினால் காற்றுப் போகிற பக்கம்தான் போகும். வாடையில் அது முல்லைத்தீவுக்காரனைக் கரைக்குக் கொண்டுவரும், ஆனால் கரையில் உடைகிற அலைக்குள் கொண்டுவரும். கச்சானில் வங்காள விரிகுடாவுக்குக் கொண்டுபோகும். தம்பி மிதந்தது கச்சானில். ஆகவே பாய் அவனுக்கு உதவாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் குதிரையைப் பற்றி இவ்வளவு அடிபட்டீர்களே, எஞ்சினின் கால், அதாவது புரொப்பெல்லர் வரை தண்ணீருக்குள் இறங்கும் பகுதி, அதன் நீளத்தைப் பற்றி ஒருவர் கேட்டாரா? எங்கள் ஊரில் ஒருவர் மலிவு என்று குட்டைக்கால் எஞ்சின் வாங்கினார். குளம் போலக் கடல் கிடந்த நாளில் நல்லாக ஓடியது. அலை எழும்பிய நாளில் புரொப்பெல்லர் ஒவ்வொரு அலைக்கும் வெளியே வந்து கத்தியது, படகு நின்ற இடத்திலேயே நின்றது.

ஸ்பனர்பை:
அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவன் நான். தலை குனிகிறேன்.

தம்பி, பின்பலகையின் உயரத்தை அளந்து போடுங்கள், எஞ்சின் கொழுவுகிற மேல் விளிம்பிலிருந்து அடிவரை. 15 அங்குலம் என்றால் குட்டைக்கால், 20 என்றால் நீளக்கால், 25 என்றால் அதற்கும் மேல். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு படகின் அடியோடு சமமாக, அல்லது ஒரு அங்குலம் கீழே நிற்க வேண்டும். உதவி எஞ்சின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் நிற்கிறது. படகு மற்றப் பக்கம் சாய்ந்தால் அது மேலே வரும். ஆகவே சந்தேகம் என்றால் நீளம். ஆளையும் மீன் பெட்டியையும் எஞ்சின் பக்கமாக நகர்த்தி வைத்தால் இன்னும் நல்லது.

கொழுவுகிற இரண்டு திருகாணியை மட்டும் நம்பாதீர்கள். அதிர்வில் இளகும். ஒரு கயிற்றால் படகோடு சேர்த்துக் கட்டுங்கள். இரவில் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். 27 கிலோ தோளில் போகும். களவு பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கணக்குச்சம்மாட்டி:
நான் இன்னும் 8 பக்கம்தான். ஆனால் வாங்க முன் கடன் கேட்டு இரண்டையும் கட்டிப் பாருங்கள். வெறும் படகில் இல்லை, வலையை ஏற்றிக்கொண்டு, பெரிய எஞ்சினை நிறுத்திவிட்டு, காற்றுக்கு எதிரே.

அளம்பில்கரை (மூன்று கிழமைக்குப் பிறகு):
செய்து பார்த்தேன். என் பின்பலகை 19 அங்குலமும் அரையும். நீளக்கால்தான்.

அந்தப் பழைய 8ஐ ஒரு நாள், தெரிந்த ஒருவரின் ஃபோர் ஸ்ட்ரோக் 5ஐ மறு நாள் கட்டி, வலையோடு காற்றுக்கு எதிரே வந்தேன். போனில் பார்த்ததில் 8 குதிரை மணிக்கு ஐந்து கடல் மைல் வந்தது, 5 குதிரை நாலரை. சம்மாட்டி அண்ணைக்கு மன்னிப்பு, அரை மைலுக்கு இவ்வளவு புகை தேவையில்லை. பெரிய எஞ்சினின் காலைத் தண்ணீரில் நேராக விட்டபோது படகு ஒரு பக்கம் இழுக்காமல் வந்தது. தூக்கியபோது கொஞ்சம் வேகம், ஆனால் கை வலித்தது. ஒன்று மட்டும் 8க்குச் சார்பாகச் சொல்ல வேண்டும், மூன்றாவது இழுவையில் எழும்பியது. 5 ஏழாவதில்தான். அதன் சொந்தக்காரர் நாலு மாதமாகத் தொடவில்லை என்றார்.

6க்குச் சீட்டுக் காசு தையில்தான் கைக்கு வரும். வடிகட்டி பூட்டியாயிற்று. கானின் மூடியில் முடிச்சும் போட்டாயிற்று, எஞ்சின்தான் இன்னும் இல்லை.

பழையதண்டல்:
வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் எழுப்பு. நல்ல தண்ணீர்ப் பீப்பாயில் எஞ்சின் காலை விட்டு ஓட்டு, பின்னால் தண்ணீர் பீச்சுகிறதா பார், கடைசியில் காபரேட்டரில் இருக்கிற பெற்றோலை வடித்துவிடு. தை வரைக்கும் தனியாகப் போகாதே.

நாச்சிக்குடாப்பெடியன்:
அந்தப் பாதி விலை 8 இன்னும் கிடக்கிறதா? வாடை வருகிறது, எங்கள் ஆட்கள் என்னிடம் கேட்கிறார்கள்.