பருவச் சராசரிகளைக் கூட்டி வகுத்தால் வரும் எண்ணும் பட்டியலில் உள்ள சிஜிபிஏவும் ஏன் ஒத்துப்போகவில்லை?

கேள்வி

வணக்கம். இளநிலைப் படிப்பில் நான்கு பருவங்களை முடித்திருக்கிறேன். பத்துப் புள்ளி அளவுகோலில் என் பருவச் சராசரிகள் முறையே 8.40, 7.25, 7.00, 9.00. இவற்றைக் கூட்டி நான்கால் வகுத்தால் 7.91 வருகிறது. ஆனால், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலில் சிஜிபிஏ, அதாவது எல்லாப் பருவங்களுக்குமான ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரி, 7.76 என்று அச்சாகியுள்ளது. பருவங்களுக்கான கிரெடிட்டுகள், அதாவது தாள்களின் எடையைக் குறிக்கும் அலகுகள், 20, 24, 26, 16.

இன்னொரு தகவலையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் பருவத்தில் 4 கிரெடிட் கொண்ட ஒரு தாளில் தேர்ச்சி பெறாமல் எஃப், அதாவது 0 புள்ளி வாங்கினேன். அதே தாளை மூன்றாம் பருவத்தில் மீண்டும் எழுதி, பி தரத்துடன் 6 புள்ளி பெற்றேன். மறுமுறை தேறிவிட்டால் பழைய எஃப் கணக்கிலிருந்தே நீங்கிவிடும் என்று வேறொரு பல்கலைக்கழகத்தில் படிக்கும் நண்பர் உறுதியாகச் சொல்கிறார். அது சரி என்றால் என் சராசரி கூடியிருக்க வேண்டும்; ஆனால் குறைந்திருக்கிறது.

7.76 எப்படி வந்தது? நண்பர் சொல்வது சரியா? உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றில் இதைச் சதவீதமாக எழுதச் சொல்கிறார்கள். பத்தால் பெருக்கி எழுதிவிடலாமா?

மறுமொழி 1

பருவச் சராசரிகளை நேராகக் கூட்டி நான்கால் வகுக்கும்போது, 16 கிரெடிட் மட்டுமே கொண்ட நான்காம் பருவத்துக்கும் 26 கிரெடிட் கொண்ட மூன்றாம் பருவத்துக்கும் ஒரே எடையைக் கொடுத்துவிடுகிறீர்கள். நீங்கள் மிக நன்றாகச் செய்த பருவம்தான் உங்களுடைய மிகச் சிறிய பருவம். மிகக் குறைவாகப் பெற்ற பருவம்தான் மிகப் பெரியது. ஆகவே உங்கள் கணக்கு உண்மையைவிட உயர்ந்து நிற்கிறது.

சிஜிபிஏ என்பது கிரெடிட்டை எடையாகக் கொண்ட சராசரி. ஒவ்வொரு தாளின் கிரெடிட்டையும் அதில் பெற்ற தரப்புள்ளியால் பெருக்கி, அவற்றையெல்லாம் கூட்டி, மொத்தக் கிரெடிட்டுகளால் வகுக்க வேண்டும். பருவச் சராசரி கையில் இருப்பதால் அதையே அந்தப் பருவத்தின் கிரெடிட்டால் பெருக்கினால் போதும்: 168, 174, 182, 144. கூட்டுத்தொகை 668. கிரெடிட்டுகளின் கூட்டுத்தொகை 86. வகுத்தால் 7.7674.

இரண்டு தசம இலக்கத்துக்கு முழுதாக்கினால் 7.77 என்று வர வேண்டும். உங்கள் பட்டியலிலோ 7.76 இருக்கிறது. கிரெடிட்டும் தரப்புள்ளியும் முழு எண்கள், பெருக்குத்தொகைகளும் மிச்சமின்றி முழு எண்களாகவே வருகின்றன. எனவே பருவச் சராசரிகளை முழுதாக்கியதால் வந்த வேறுபாடு என்று இதைச் சொல்ல முடியாது. மூன்றாம் இலக்கத்தை மேலேற்றாமல் நறுக்கிவிட்டார்கள் என்பதே எஞ்சும் விளக்கம். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு, ஓ 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, வெறும் தேர்ச்சி 4, எஃப் 0 என்று வகுத்த பத்துப் புள்ளி முறைக்கான வழிகாட்டுதலில், சராசரியை இரண்டு இலக்கத்துக்கு முழுதாக்க வேண்டும் என்றே சொல்கிறது. எனினும் உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்வு ஒழுங்குமுறைதான். அதில் நறுக்குவது பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுதிக் கேட்பதில் தவறேதும் இல்லை.

மறுமொழி 2

மேலே உள்ள கணக்கு உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பாதி விடையைத் தந்துவிடுகிறது. 86 கிரெடிட்டால் வகுத்தால்தான் பட்டியலில் உள்ள எண் கிடைக்கிறது என்றால், அந்த 4 கிரெடிட் தாள் இரண்டு முறை வகுக்கும் எண்ணில் சேர்ந்திருக்கிறது என்று பொருள்: 0 புள்ளியுடன் ஒரு முறை, 6 புள்ளியுடன் ஒரு முறை. எழுதிய எல்லா முயற்சிகளையும் எண்ணும் முறை இது. உங்கள் நண்பர் படிக்குமிடத்தில் வேறு விதி இருக்கலாம். அவர் தவறாகச் சொல்கிறார் என்று சொல்வதற்கில்லை.

நடைமுறையில் உள்ள விதிகளை உங்கள் எண்களிலேயே போட்டுப் பார்த்தேன். பழைய எஃப் முற்றிலும் நீங்கி, புதிய தரம் அதன் இடத்தைப் பிடிக்கும் முறையில் 668 புள்ளியை 82 கிரெடிட்டால் வகுப்பார்கள், 8.15 வரும். மறுமுறை எழுதியவருக்குக் குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளிக்கு மேல் கொடுப்பதில்லை என்ற உச்சவரம்பு இருந்தால், 6 புள்ளி 4 ஆகக் குறைந்து, 660 புள்ளியை 82 ஆல் வகுக்க 8.05 கிடைக்கும். இரண்டு முயற்சிகளின் சராசரியை ஒரே தாளாகக் கொள்ளும் முறையில் 656 புள்ளியை 82 ஆல் வகுக்கச் சரியாக 8.00. உங்கள் பல்கலைக்கழகத்தின் முறையில் 7.77. தேர்வறையில் எழுதிய விடைத்தாள்கள் நான்கு முறையிலும் அவையேதான்!

இங்கே பலரும் கவனிக்கத் தவறுவது, இரண்டு முயற்சிகளையும் சராசரி எடுப்பதும் இரண்டையும் தனித்தனியே எண்ணுவதும் ஒன்றல்ல என்பது. முதலாவதில் அந்தத் தாளின் எடை 4 கிரெடிட், இரண்டாவதில் 8. ஒழுங்குமுறை ஏட்டில் "இரண்டு தரங்களும் கணக்கில் கொள்ளப்படும்" என்று மட்டும் எழுதியிருந்தால், எது என்று கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். தரம் இடப்படாமல் இடையிலேயே விலகிய தாளும், தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் குறிக்கப்படும் தாளும் பெரும்பாலும் வகுக்கும் எண்ணில் சேர்வதில்லை. ஆனால் அதையும் ஊகிக்காமல் ஏட்டைப் பார்ப்பதே நல்லது.

மறுமொழி 3

இரண்டாம் மறுமொழியில் உள்ள கணக்கோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் எல்லா முயற்சிகளையும் எண்ணும் முறையை வெறும் நிர்வாக விருப்பம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. ஒரு பாடத்தை இப்போது எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதைச் சொல்வதுதான் தரத்தின் வேலை என்றால், அதே பாடத்தைத் தேறிய பிறகும் பழைய பூஜ்யத்தைச் சுமந்துகொண்டிருப்பதற்குக் காரணம் இல்லை. தோல்வி நடந்தது என்பதைப் பட்டியலில் ஒரு வரியாகக் காட்டிவிடலாம். அதைச் சராசரிக்குள்ளும் நுழைப்பது ஒரே தவறுக்கு இருமுறை தண்டிப்பதாகும்.

மறுபக்கத்து வாதமும் எனக்குத் தெரியும். பழையது முற்றிலும் நீங்கினால், நல்ல தரம் பெற்றவர்கள்கூட இன்னும் ஒரு புள்ளிக்காகத் தாள்களைத் திரும்பத் திரும்ப எழுதுவார்கள். முதல் முறையே தேறியவருக்கு அது நியாயமாக இராது. அந்தக் கவலைக்கு உச்சவரம்பு முறையே போதுமான மருந்து என்பது என் கருத்து.

மறுமொழி 4

சதவீதத்துக்கு வருகிறேன். பத்தால் பெருக்கிவிடாதீர்கள், விண்ணப்பத்தில் எழுதுவதற்கு முன், உங்கள் பல்கலைக்கழகமே அதிகாரபூர்வ மாற்று வாய்பாடு எதையாவது வெளியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதும் உண்டு.

ஏன் இந்த எச்சரிக்கை என்றால், புழக்கத்தில் உள்ள வாய்பாடுகள் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகி நிற்கின்றன. பத்தால் பெருக்கினால் 7.76 என்பது 77.6 சதவீதம். 9.5 ஆல் பெருக்கும் வழக்கம் இந்தியாவின் மத்தியப் பள்ளிக் கல்வி வாரியமான சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்காகச் சொன்னது. பட்டப்படிப்புக்கும் அதை எடுத்துப் போட்டால் 73.7 வரும். இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் அட்டவணையில் 6.25 என்பது 55 சதவீதம், 7.75 என்பது 70 சதவீதம், அதாவது 0.75 ஐக் கழித்துப் பத்தால் பெருக்குவது. அதன்படி உங்களுக்கு 70.1. குறைந்தபட்சத் தகுதி 75 சதவீதம் என்று இருக்கும் விண்ணப்பத்தில், இவற்றில் ஒன்று உங்களை உள்ளே விடும், மற்ற இரண்டும் விடா. உங்களுக்குச் சாதகமான வாய்பாட்டை நீங்களே தேர்ந்தெடுத்து எழுதினால், சரிபார்ப்பின்போது பொய்த் தகவல் என்று விண்ணப்பம் தள்ளுபடியாகக்கூடும்.

நாடு விட்டு நாடு போகும்போது நிலைமை இன்னும் சிக்கலாகிறது. ஜெர்மனியில் 1.0 தான் மிக உயர்ந்தது, 4.0 குறைந்தபட்சத் தேர்ச்சி. அங்கே பயன்படும் திருத்தப்பட்ட பவேரிய வாய்பாடு, அதிகபட்சப் புள்ளிக்கும் உங்கள் புள்ளிக்கும் உள்ள இடைவெளியை, அதிகபட்சப் புள்ளிக்கும் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டச் சொல்கிறது. தேர்ச்சிப் புள்ளி 4 என்றால் உங்களுக்கு 2.12, அதுவே 5 என்றால் 2.34. ஆகவே தேர்ச்சிப் புள்ளி எது என்பதற்குச் சான்று இணைப்பது அவசியம். அமெரிக்காவிலேயே அளவுகோல் ஒன்றல்ல: ஏ பிளஸ் தரத்துக்குக் கொலம்பியா கல்லூரி 4.33 தருகிறது, பிரின்ஸ்டன் 4.0 உடன் நிறுத்திக்கொள்கிறது, எம்ஐடியோ ஏ தரத்துக்கே 5 புள்ளி வைத்திருக்கிறது.

கேட்டவர்

விரிவான விளக்கங்களுக்கு மிக்க நன்றி. ஒழுங்குமுறை ஏட்டைத் தேடிப் படித்தேன். "பதிவு செய்த எல்லா முயற்சிகளின் கிரெடிட்டுகளும்" என்றே இருக்கிறது. ஆக, இரண்டாம் மறுமொழி சொன்னதுதான். முழுதாக்குவதா நறுக்குவதா என்பது பற்றி அதில் எதுவும் இல்லை, அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். இரண்டு வெவ்வேறு தாள்களில் ஒரே 78 மதிப்பெண் பெற்றேன். ஒன்றில் ஏ, மற்றதில் பி பிளஸ் வந்தது. இது எப்படி? மேலும், மீதமுள்ள பருவங்களில் 74 கிரெடிட்டுகள் இருக்கின்றன. இறுதியில் 8.00 ஐத் தொட முடியுமா?

மறுமொழி 5

ஒரு தாளில் இத்தனை மதிப்பெண்ணுக்கு இந்தத் தரம் என்ற நிலையான எல்லைகளும், மற்றதில் வகுப்பின் பரவலைப் பொறுத்த ஒப்பீட்டுத் தரமும் பயன்பட்டிருக்கலாம். ஒப்பீட்டு முறையில் 78 என்ற எண்ணுக்குத் தனிப் பொருள் இல்லை; வகுப்புச் சராசரியிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே தரத்தைத் தீர்மானிக்கும். வலுவான மாணவர்கள் கூடிய சிறிய வகுப்பில் இது கொடுமையாகவும் முடியலாம். பிரின்ஸ்டன் 2004 இல் ஏ வரிசைத் தரங்கள் 35 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று துறைகளுக்கு வரையறை வைத்து, மாணவர்களிடையே மனஉளைச்சலும் போட்டியும் மிகுந்ததால் 2014 இல் அதைக் கைவிட்டது.

8.00 சாத்தியம்தான். மொத்தம் 160 கிரெடிட் என்றால் 1280 புள்ளி தேவை; 668 கையில் இருக்கிறது; எஞ்சிய 612 ஐ 74 கிரெடிட்டில் எடுக்க வேண்டும். சராசரியாக 8.27. எல்லாத் தாள்களிலும் ஏ வாங்கினால் 592 தான் வரும். ஆகவே குறைந்தது 20 கிரெடிட் அளவுக்கான தாள்களில் ஏ பிளஸ் வேண்டும், மற்றவற்றில் ஏவுக்குக் கீழே போகக் கூடாது. போனால், அதே அளவு கிரெடிட்டில் இன்னொரு ஏ பிளஸ் தேவைப்படும். 8.50 ஐக் குறிவைத்தால் தேவைப்படும் சராசரி 9.35 ஆகிவிடுகிறது, அதை இலக்காக வைத்துத் திட்டமிட நான் சொல்ல மாட்டேன். கிரெடிட் மிகுந்த தாள்களை முதலில் கவனியுங்கள். அலுவலகத்தின் பதிலுக்காகவும் இதில் காத்திருக்க வேண்டியதில்லை: 612 இல் ஒரு புள்ளி குறைந்தால் வருவது 7.99375, அதை முழுதாக்கினாலும் நறுக்கினாலும் 7.99 தான்.