பென்ஷன் குரூப்: கமிட்டிக்கு எழுதுறதுன்னா எந்தக் கமிட்டிக்கு?

*சாட்ஸ்வொர்த் பென்ஷன் குரூப் (டர்பன், தென்னாப்பிரிக்கா)*

[காலை 7:42] கோபால் மாமா: எல்லாருக்கும் வணக்கம். ரிவ்யூன்னு சொல்லி முதியோர் பென்ஷனை நிறுத்தி வைக்கிறாங்களே, அதைப் பத்தி பீட்டர்மாரிட்ஸ்பர்க் சட்டசபைக்கு ஒரு கடுதாசி எழுதி வச்சிருக்கேன். இன்னைக்கே அனுப்பிடவா?

[7:50] தேவன்: மாமா, கொஞ்சம் பொறுங்க. மாகாண சட்டசபைக்குப் போனா பதிலே வராது. அவங்க பார்க்கிறது சோஷியல் ஒர்க்கர், முதியோர் இல்லத்துக்கு மானியம், இந்த மாதிரி விஷயம். பென்ஷன் 2006லிருந்து சாசா கையில. சாசான்னா அரசு உதவித்தொகை கொடுக்கிற தேசிய ஏஜென்சி. அதைக் கேள்வி கேட்கிற இடம் கேப் டவுன்.

[7:52] கோபால் மாமா: கேப் டவுன்ல யாரு?

[8:03] தேவன்: நாடாளுமன்றத்தோட சோஷியல் டெவலப்மெண்ட் போர்ட்ஃபோலியோ கமிட்டி. 2024 தேர்தலுக்கு அப்புறம் பிரிட்ஜெட் மசாங்கோ தலைவர். அரசியல் சாசனம் 56ஆம் பிரிவுப்படி யாரையும் வரச் சொல்லலாம், பேப்பரைக் கொண்டா என்று கட்டளையிடலாம். ஆனா ஒண்ணு: உங்க ஒருத்தர் பென்ஷனை அவங்க திறந்து விட மாட்டாங்க. அந்த அதிகாரம் அவங்களுக்குக் கிடையாது.

[8:05] சரோஜா அக்கா: அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். தனி ஆள் கேஸை அனுப்பினா கமிட்டி செக்ரட்டரி அதை மினிஸ்டர் ஆபீசுக்குத் தள்ளுவாங்க, அங்கிருந்து சாசா, அங்கிருந்து நம்ம ஊர் ஆபீஸ். கடுதாசி ஒரு சுத்து சுத்திட்டு கிளம்பின இடத்துக்கே வந்து நிக்கும் 😄

[8:11] பிரேமா: தனி ஆளுக்கு வழி வேற, மாமா. ரிவ்யூக்கு வரச் சொல்லி சாசா எஸ்.எம்.எஸ் வந்தவங்க ஐடி, எல்லா பேங்க் கணக்குக்கும் 3 மாச ஸ்டேட்மெண்ட், வருமானச் சான்று, முகவரிச் சான்று எடுத்துக்கிட்டு சாசா ஆபீசுக்குப் போகணும். எல்லாக் கணக்கும்! பழைய ஸ்டோக்வெல் (சீட்டு மாதிரி சேமிப்புக் குழு) கணக்குல 200 ராண்ட் கிடந்தாலும் அதோட ஸ்டேட்மெண்ட்டும் வேணும். பெரும்பாலும் சிக்குறது அங்கதான். மகன் அம்மா கணக்கு வழியா பணம் அனுப்பியிருப்பான், அது அம்மா வருமானம் மாதிரி தெரியும். "இது என் பணம், இன்ன செலவுக்கு அனுப்பினேன்" என்று மகன் ஒரு அஃபிடவிட் போலீஸ் ஸ்டேஷன்ல எடுத்துக் கொடுத்தா நல்லது. அதுக்குக் காசு கிடையாது.

[8:12] பிரேமா: முடியாதுன்னு சொல்லிட்டா 90 நாளுக்குள்ள அப்பீல். முடிவு தெரிஞ்ச தேதியிலிருந்து எண்ணணும். எழுத்துல காரணமே தரலைன்னா பாஜா சட்டம் (அரசு எடுக்கிற முடிவு நியாயமா இருக்கணும்னு சொல்ற சட்டம்) 5ஆம் பிரிவுப்படி காரணம் கேட்டு எழுதுங்க. அதுக்கும் 90 நாள்தான். கொடுத்த பேப்பருக்கெல்லாம் தேதி போட்ட சீல் வாங்காம கவுண்டரை விட்டு நகராதீங்க.

[8:20] கோபால் மாமா: அப்ப கமிட்டி எதுக்குதான் இருக்கு?

[8:34] தேவன்: பலர் விஷயத்துக்கு. 2025 ஜூன்ல சுமார் 2,10,000 பேருக்குப் பணம் தாமதமாச்சு. வேற வருமானம் இருக்குமோன்னு சந்தேகம், அதனால ரிவ்யூன்னு சாசா சொல்லிச்சு. ரிவ்யூ பண்றதே தப்புன்னு வாதாடினா தோத்துப் போவோம். தகுதி இல்லாதவங்களைக் கண்டுபிடிக்கணும்னு டிரஷரியே கேட்குது, கமிட்டியும் கேட்குது. நாம பிடிக்க வேண்டியது *எப்படிப்* பண்ணாங்க என்கிறதை. எஸ்.எம்.எஸ் என்னைக்குப் போச்சு? பதில் சொல்ல எத்தனை நாள் கொடுத்தாங்க? நோட்டீஸ் முதல்ல போச்சா, பணம் முதல்ல நின்னுச்சா? பாஜா 3ஆம் பிரிவு என்ன சொல்லுது? முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி சரியான அறிவிப்பும் பதில் சொல்ல வாய்ப்பும் கொடுக்கணும். பழைய நம்பருக்குப் போன எஸ்.எம்.எஸ் அறிவிப்பு ஆகுமா? இதுதான் கேள்வி.

[8:36] தேவன்: "ஏன் தாமதம்?" என்று மட்டும் கேட்டா "ரிவ்யூ நடந்துக்கிட்டு இருக்கு"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. எண்ணிக்கை கேட்கணும். மாகாண வாரியா எத்தனை பேருக்கு நின்னுச்சு, எத்தனை பேர் ரிவ்யூக்கு வந்தாங்க, அதுல எத்தனை பேருக்குத் திரும்ப வந்துச்சு, பாக்கி சேர்த்து வந்துச்சா, சராசரி எத்தனை நாள் ஆச்சு. தகுதி உள்ளவங்கன்னு தெரிஞ்சு திரும்பக் கொடுத்தது எத்தனைன்னு தெரிஞ்சாதான் வலையை எவ்வளவு அகலமா வீசினாங்கன்னு தெரியும்.

[8:41] சரோஜா அக்கா: 👏 அந்த ஒரு எண்ணைச் சொல்லத்தான் யாருக்கும் வாய் வராது.

[8:49] ஷண்முகம் அண்ணா: என் பென்ஷன் ஜி.இ.பி.எஃப் (அரசு ஊழியர் பென்ஷன் நிதி), ரயில்வேயில இருந்து மாறினது. அதையும் இதே கடுதாசில சேர்த்துக்கலாமா தேவன்?

[8:55] தேவன்: வேண்டாம்ணா, அது வேற கடை. ஜி.இ.பி.எஃப் நிதி அமைச்சர் பக்கம், அதனால ஃபைனான்ஸ் கமிட்டி. தனிப் புகார்னா கவர்மெண்ட் எம்ப்ளாயீஸ் பென்ஷன் ஓம்பட்னு புகார் கேட்கிற அதிகாரி இருக்கார். பென்ஷன் ஃபண்ட்ஸ் அட்ஜுடிகேட்டர்கிட்ட போகாதீங்க, ஜி.இ.பி.எஃப் அவர் எல்லையில வராது.

[8:57] பிரேமா: கார்டு பிரச்சனையையும் தனியா பிரிக்கணும். பென்ஷன் எடுக்கிற தங்கக் கார்டு, கறுப்புக் கார்டு, ஏ.டி.எம்ல பணம் வரலை இதெல்லாம் போஸ்ட்பேங்க் (தபால் வங்கி). அது கம்யூனிகேஷன்ஸ் அமைச்சருக்குக் கீழ, அந்தக் கமிட்டி வேற. கலந்து எழுதினா ரெண்டு பேரும் அவங்களைக் கேளுங்கன்னு கைகாட்டுவாங்க.

[9:02] கோபால் மாமா: ஸ்கோப்பா ஸ்கோப்பான்னு டிவில கத்துறாங்களே, அது?

[9:18] தேவன்: அது காசுக் கணக்கு கமிட்டி. ஆடிட்டர் ஜெனரல் "விதி மீறின செலவு"ன்னு எழுதினா ஸ்கோப்பா பிடிக்கும். பழைய சி.பி.எஸ் கதை ஞாபகம் இருக்கா? கேஷ் பேமாஸ்டர், அப்ப பென்ஷன் பட்டுவாடா பண்ணின கம்பெனி. 2012ல தொடங்கின ஒப்பந்தம் செல்லாதுன்னு அரசியல் சாசனக் கோர்ட் 2013லேயே சொல்லிடுச்சு. ஆனா பென்ஷன் நின்னுடக் கூடாதேன்னு 2017 மார்ச் 31 வரைக்கும் ஓட விட்டாங்க. அதுக்கு அப்புறம் யார் கொடுப்பாங்கன்னு அப்ப சோஷியல் டெவலப்மெண்ட் அமைச்சரா இருந்த பத்தபீலே டிளமினிகிட்ட கமிட்டி எத்தனை தடவை கேட்டும் உருப்படியான பதில் இல்லை. கடைசியில பிளாக் சாஷ்னு ஒரு மனித உரிமை அமைப்பு கோர்ட்டுக்குப் போய், மார்ச் 17ஆம் தேதி இன்னும் 12 மாசம் நீட்டிப்பு. 3 மாசத்துக்கு ஒரு தடவை கோர்ட்டுக்கு ரிப்போர்ட் கொடுன்னு உத்தரவு. ரிப்போர்ட் கேட்கிறது கமிட்டி வேலை, அதைக் கோர்ட் செய்ய வேண்டியதாப் போச்சு. 2018ல அந்த அம்மா வழக்குச் செலவுல 20% கைக்காசு கட்டணும்னு தீர்ப்பு, 2022ல பொய்ச்சாட்சின்னு தண்டனை.

[9:20] தேவன்: அதே கம்பெனிக்கு, பென்ஷன் வாங்குறவங்களை மறுபதிவு பண்ற வேலைக்குன்னு கூடுதலா 316 மில்லியன் ராண்ட் கொடுத்தாங்களே, அதுதான் ஸ்கோப்பா சமாச்சாரம். நம்ம விஷயம் அது இல்லை. நமக்கு மசாங்கோ கமிட்டி போதும்.

[9:31] பிரேமா: எப்ப அனுப்புறோம் என்கிறதும் முக்கியம். சாசா நிதியாண்டு மார்ச் 31ல முடியும். ஆண்டறிக்கை செப்டம்பர் 30க்குள்ள நாடாளுமன்றத்துக்கு வரும். அக்டோபர்ல ஆடிட்டர் ஜெனரல் ஆபீஸ் கமிட்டிக்கு விளக்கும், அப்புறம் டிபார்ட்மெண்டும் சாசாவும் வரும், அதை வச்சு கமிட்டி பட்ஜெட் ரிவ்யூ அறிக்கை எழுதும். நம்ம பேப்பர் செப்டம்பர் நடுவுல அவங்க கையில இருக்கணும். நவம்பர்ல போனா அடுத்த வருஷம்தான்.

[9:36] சரோஜா அக்கா: அதுவரைக்கும் சும்மா இருக்கணுமா?

[9:40] பிரேமா: இல்லக்கா. ஒரு எம்.பி.யைப் பிடிச்சு எழுத்துக் கேள்வி போடச் சொல்லலாம். எந்தக் கட்சியானாலும் சரி. 10 வேலை நாள்ல மினிஸ்டர் பதில் கொடுக்கணும்னு சபை விதி. இழுப்பாங்க, ஆனா கேள்விக்கு ஒரு நம்பர் இருக்கும், அதை வச்சு விடாம கேட்கலாம். தேவன் அண்ணா சொன்ன அஞ்சு எண்ணிக்கையையும் அப்படியே கேள்வியாக் கொடுத்துடலாம். வர்ற பதிலை கமிட்டி கடுதாசில இணைப்போம்.

[9:48] கோபால் மாமா: சரி. என் கடுதாசில எல்லார் பேரும் ஐடி நம்பரும் போட்டிருக்கேன், அது இருக்கட்டுமா?

[9:49] பிரேமா: ஐயோ மாமா, எடுத்துடுங்க!! கமிட்டிக்குப் போற பேப்பர் வெளியில வந்துடும். ஐடி நம்பர் கிடைச்சா மோசடிக்காரன் உங்க பேர்லயே லோன் எடுப்பான். ஆள் 1, ஆள் 2ன்னு போடுங்க. அசல் லிஸ்ட் சரோஜா அக்கா வீட்டுல இருக்கட்டும்.

[9:55] தேவன்: ஒவ்வொரு ஆளுக்கும் அஞ்சே விவரம்: எந்த மாசம் நின்னுச்சு, எஸ்.எம்.எஸ் வந்த தேதி (வரலைன்னா வரலைன்னு), ஆபீசுக்குப் போன தேதி, சீல் இருக்கா, திரும்ப வந்த தேதி. 2 பக்கத்துக்கு மேல போக வேண்டாம். வயசு 60க்கு மேலன்னு ஒரு வரி போதும், கண்ணீர்க் கதை வேண்டாம்.

[9:58] சரோஜா அக்கா: சனிக்கிழமை காலை கோயில் ஹால்ல ஃபார்மோட உட்கார்றேன். எஸ்.எம்.எஸ்ஸை யாரும் அழிச்சுடாதீங்க, ஃபோனைக் கையோட கொண்டு வாங்க. பேரன் ஃபோனுக்குப் போயிருந்தா பேரனையும் கூட்டிட்டு வாங்க.

[10:02] கோபால் மாமா: ஆறாவதா ஒண்ணு சேர்த்துக்கோ தேவன். ஆபீசுக்கு எத்தனை தடவை டாக்சிக் காசு கொடுத்துப் போனாங்கன்னு. நம்ம பென்ஷன்ல அது எவ்வளவு கரையுதுன்னு அவங்க கேட்டாகணும்.

[10:04] தேவன்: சேர்த்துட்டேன் மாமா 👍