கடன் பெண்கள் பெயரில், முடிவு யார் கையில்?

வணக்கம். கிராமப்புறப் பெண்களின் சேமிப்புக் குழு ஒன்றுக்குத் துணையாக இருக்கிறேன். 1991இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் தொடங்கிய முறைதான் எங்களுடையதும்: பணப்பெட்டிக்கு மூன்று பூட்டுகள், மூன்று சாவிகளும் மூன்று பெண்களிடம், எல்லோர் முன்னிலையிலும்தான் பெட்டியைத் திறப்பார்கள். கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் குழு ஒரு பெண்ணுக்குத் தரும் கடன் தொகை அவள் வீட்டு வாசலைத் தாண்டியதும் கணவர் கைக்குப் போய்விடுகிறது. தவணை கட்டும் பாரம் மட்டும் அவள் தலையில். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

வீட்டில் சண்டை மூளாமல், பணத்தை எதில் போடுவது என்ற முடிவு பெண்களிடமே நிற்க நீங்கள் என்ன செய்தீர்கள்? கணவர்களையும் உட்காரவைத்துப் பேசினீர்களா? கூட்டாகத் தொழில் தொடங்கினீர்களா? நடைமுறையில் பலித்ததைச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தாங்களே சரிபார்க்கக்கூடிய கணக்குப் புத்தக மாதிரி இருந்தால் அதையும் அனுப்புங்கள். அடுத்த கடன் வழங்கும் கூட்டம் நெருங்குகிறது.